நடக்கச் சொன்னால் போதுமா? துணைக்கு யார் வருவது?

எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. சர்க்கரை வியாதி உண்டு. சென்ற மாதம் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். மாத்திரை எழுதினார். கடைசியில், "தினமும் அரை மணி நேரம் நடங்கள், அம்மா" என்றார்.

வெளியே வந்ததும் அத்தை என்னைக் கேட்டார்:

"மாத்திரையைக் கடையில் வாங்கிவிடலாம், தம்பி. இந்த நடையை எங்கே வாங்குவது? எங்கே நடப்பது? யாரோடு நடப்பது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊர் பொத்தேரி. ஒரு பக்கம் ரெயில் பாதை. பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை. பஸ்சும் லாரியும் பறக்கும் அந்தச் சாலையின் ஓரத்தில் நடந்தால், வியாதி தீருமுன் ஆள் தீர்ந்துவிடக் கூடும்! ஏரிப் பக்கம் போகலாம். ஆனால், விடியற்காலையில் ஒரு பெண் தனியாக அங்கே போவாளா? போனால் வீட்டில் விடுவார்களா?

அத்தை கேட்டது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. ஊர்க் கேள்வி. நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023ல் கணக்குச் சொன்னது. அவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "நடங்கள்" என்பதுதான்.

நடக்கிறவர்கள் எத்தனை பேர்? பத்து நாள் நடக்கிறார்கள். பதினோராம் நாள் மழை வருகிறது. பன்னிரண்டாம் நாள் விருந்தாளி வருகிறார். அத்தோடு நடை நின்றுவிடுகிறது.

டிரைவரும் கண்டக்டரும்

நடை அப்படி என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். கற்பனை அல்ல, நடந்தது.

லண்டனில் மாடி பஸ்கள் ஓடுவது தெரியும் அல்லவா? ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் அந்த பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே ஊர். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. கண்டக்டர்களுக்குக் குறைவு. 1953ல் இந்த முடிவு வெளியானது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் உணர்ந்தது.

அந்த டாக்டர் மோரிஸ் 2009ல்தான் இறந்தார். அப்போது அவருக்கு வயது 99!

நாம் இப்போது டிரைவர் பக்கம் வந்துவிட்டோம். ரெயிலில் உட்கார்ந்து போகிறோம். ஆபீசில் உட்காருகிறோம். வீட்டுக்கு வந்து டெலிவிஷன் முன் உட்காருகிறோம். வயலில் வேலை செய்கிறவருக்கு யாரும் நடையைப் பற்றிப் புத்தி சொல்ல வேண்டாம். நமக்குத்தான் வேண்டும்.

கூட வருகிறேன், வா!

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் என்று ஓர் ஊர். அங்கே டேவிட் சாப்கர் என்று ஓர் இதய டாக்டர். "நடங்கள்" என்று நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். யாரும் நடக்கவில்லை. 2005ல் பேச்சை மாற்றினார். "நான் பூங்காவுக்கு வருகிறேன். நீங்களும் வாருங்கள். சேர்ந்து நடப்போம்" என்றார். முதல் நாளே நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள்!

இங்கிலாந்தில் இதற்கு முன்பே, 1990களின் நடுவில், வில்லியம் பேர்ட் என்ற கிராமத்து டாக்டர் இப்படி ஒரு கூட்டு நடையைத் தொடங்கினார். காசு கிடையாது. வழிகாட்டித் தொண்டர் ஒருவர் முன்னால் போவார். மற்றவர்கள் வயல் வழியாகப் பேசிக்கொண்டே நடப்பார்கள். அந்த வழக்கம் பிரிட்டன் முழுவதும் பரவியது.

இரண்டு டாக்டர்களும் கண்ட உண்மை ஒன்றுதான். மனிதனை நடக்க வைப்பது புத்திமதி அல்ல. துணை!

நமக்குத் தெரியாததா?

இதற்கு இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே திருக்கழுக்குன்றம் இருக்கிறது. பௌர்ணமி இரவில் அந்த மலையைச் சுற்றிக் கிரிவலம் போகிறார்கள். பாட்டி போகிறார், பேத்தி போகிறாள், முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து போகிறார்கள். டிக்கெட் இல்லை. பயமும் இல்லை. பகலில் பத்து அடி நடக்க மாட்டேன் என்கிற பெரியவர்கள்கூட அன்று நடந்துவிடுகிறார்கள்.

சென்னைக் கடற்கரையில் இன்னொரு நடை உண்டு. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல், ஆமை முட்டையிடும் மாதங்களில், இரவில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிறார்கள். பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். உடம்பு இளைக்க வேண்டும் என்று யாரும் அதற்குப் போவதில்லை. ஆனால் மணலில் பல கிலோமீட்டர் நடந்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்!

பார்ப்பதற்கு ஒன்றும், பேசுவதற்கு ஓர் ஆளும் இருந்தால் கால் தானாக நடக்கும்.

அரசாங்கம் செய்தது

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4ந் தேதி "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்க வருகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை முகாமும் ஏற்பாடாயிற்று. நல்ல காரியம். பாராட்ட வேண்டும்.

ஆனாலும், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். 8 கிலோமீட்டர் என்றதும் எங்கள் அத்தை பயந்துவிடுவார். மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால், அங்கே போகவே பஸ் ஏற வேண்டும். மாதம் ஒரு முறை நடந்தால், மாதம் ஒரு முறை சாப்பிட்டது போலத்தான்!

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது, நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். 10,000 அடி நடந்தே தீர வேண்டும் என்பதும் சட்டம் அல்ல. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமான எண் அது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. சும்மா இருப்பதற்குத்தான் பலன் இல்லை.

ஆகவே, மாவட்டத்துக்கு ஒரு பெரிய நடை இருக்கட்டும். ஊருக்கு ஒரு சிறிய நடையும் வேண்டும்.

எப்படிச் செய்வது?

எங்கள் பொத்தேரியின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. அடுத்த ஊர் காட்டாங்கொளத்தூர். அதன் பெயரிலே குளம். செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்று பெயர். கரைக்கா பஞ்சம்?

காலை ஆறு மணிக்கு ஓர் இடத்தில் கூட வேண்டும். ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். ஒருவர் கடைசியில் வர வேண்டும். மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். யாரையும் பின்னால் விட்டுவிடக் கூடாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வழிகாட்டலாம். கல்லூரி மாணவர்கள் துணைக்கு வரலாம். காசு வாங்கக் கூடாது.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்போ ஷூவோ அவசியம். மயக்கம் வந்தால் உதவ, சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

ஊராட்சிகளும் நகராட்சிகளும் கரையைச் செப்பனிட்டு, இரண்டு விளக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். இதில் ஏரிக்கும் லாபம் உண்டு. ஐம்பது பேர் தினமும் நடக்கிற கரையில் குப்பை கொட்டக் கை கூசும். ஏரியை வளைத்து வேலி போடவும் பயம் வரும்.

"வீட்டு வேலையே பெண்களுக்கு நடைதானே?" என்று சில ஆண்கள் சொல்வார்கள். அடுப்படியில் நாலு அடி, முற்றத்தில் நாலு அடி வைத்தால் அது நடை ஆகாது, அலைச்சல்! அந்த அரை மணி நேரம் காப்பியை நீங்கள் போடுங்கள். அம்மா நடந்துவிட்டு வரட்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அத்தையின் வீட்டுக் கதவைத் தட்டினேன். "நான் வருகிறேன், அத்தை. போகலாமா?" என்றேன். அவர் எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டார். மூன்று பேர் நடந்தோம். இருபது நிமிடம்தான். ஏரிக்கரையில் கொக்குகள் நின்றன. வரும் வழியில், "நாளைக்கும் வருவாயா, தம்பி?" என்று அத்தை கேட்டார்.

இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

உங்கள் தெருவிலும் ஓர் அத்தை இருப்பார். நாளைக் காலையில் அவர் கதவைத் தட்டுங்கள்.