கரிநெருப்பின் அருகே ஒரு மன்னிப்பு!

தோழி என்னை நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை, ஏதோ ஒரு வேகத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். இரண்டே நிமிடங்களில் டெலிட் செய்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'எந்த முகத்தோடு பேசுவது?' என்று ஆறு மாதங்கள் அவளுக்கு போன் செய்யவே இல்லை. அதைப் பணிவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பைபிளில் பேதுருவின் கதையை மறுபடி படித்தபோதுதான், அது பணிவு இல்லை என்று புரிந்தது.

இயேசுவின் சீடர்களில் எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிறவர் பேதுரு. மற்ற எல்லோரும் விட்டுப்போனாலும் தான் போகமாட்டேன் என்று அந்தக் கடைசி இரவில் உறுதி சொன்னார். சில மணி நேரத்தில் இயேசு கைதானார். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், குளிருக்காக மூட்டிய கரிநெருப்பின் அருகே நின்ற பேதுரு, 'அவரை எனக்குத் தெரியாது' என்று மூன்று முறை மறுத்தார். சேவல் கூவியது. வெளியே போய் மனம் கசந்து அழுதார். ஜெருசலேமில் சேவல் கூவியதன் பெயரிலேயே ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் உச்சியில் சிலுவைக்கு மேல் ஒரு சேவலும் நிற்கிறது.

அதே இரவில் தவறிய இன்னொருவர் யூதாஸ். 30 வெள்ளிக்காசுகளுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்தவர். அவரும் வருந்தினார். காசைத் திருப்பிக் கொண்டுபோனார். தான் செய்தது பாவம் என்று வாய்விட்டுச் சொன்னார். ஆனால், காசு கொடுத்தவர்களிடம்தான் சொன்னார். அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்து, உயிரையே விட்டுவிட்டார். அவருக்குத் தீர்ப்பு சொல்ல நாம் யாரும் இல்லை. ஆனால், ஒன்று புரிகிறது. வருத்தம் மட்டும் ஒருவரைக் கரைசேர்ப்பதில்லை. அந்த வருத்தத்தோடு யாரிடம் போகிறோம் என்பதும் முக்கியம். 'மனந்திரும்புதல்' என்ற சொல்லிலேயே 'திரும்புதல்' இருக்கிறதே!

பேதுரு திரும்பினார். எப்படித் தெரியுமா?

முதன்முதலில் இயேசுவின் சொல்லைக் கேட்டு வலைவீசி, வலை கிழியுமளவு மீன் கிடைத்தபோது, தான் ஒரு பாவி, தன்னைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அவர் காலில் விழுந்து கெஞ்சியவர் இதே பேதுரு. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, அதே கலிலேயா ஏரியில் மறுபடியும் வலை நிறைய மீன். கரையில் நிற்பது இயேசு என்று தெரிந்ததும், படகு கரைசேரும்வரைகூட பேதுரு காத்திருக்கவில்லை. தண்ணீரில் குதித்துவிட்டார்!

தவறே செய்யாத நாளில் 'போய்விடுங்கள்' என்றவர், மூன்று முறை மறுதலித்த பிறகு அவரை நோக்கி ஓடுகிறார். தன் தகுதியை நம்பவில்லை, அவருடைய அன்பை நம்பினார்.

கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக இருந்தன. பேதுரு மறுதலித்த இடத்தில் எரிந்ததும் கரிநெருப்புதான். இயேசு முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். பிறகுதான் பேசினார். 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்மீது அன்பு இருக்கிறதா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். மற்றவர்களைவிட அதிகமாகவா என்றும் கேட்டார். பழைய பேதுருவாக இருந்தால் ஆமாம் என்று மார்தட்டியிருப்பார். இப்போது தன்னை யாரோடும் ஒப்பிடவில்லை. தன் அன்பு அவருக்கே தெரியும் என்றார். அவரிடமே தன் மந்தையை மேய்க்கும் பொறுப்பையும் இயேசு கொடுத்தார். இந்தச் சந்திப்பின் நினைவாக, அந்தக் கரையில் தப்கா என்ற இடத்தில் 1933-ல் கட்டப்பட்ட சிற்றாலயம் இன்றும் இருக்கிறது.

'என் தவறு மன்னிக்க முடியாதது' என்று ஒதுங்கி நிற்பது பணிவுபோலத்தான் தெரியும். உண்மையில், கடவுளின் இரக்கத்தைவிட நம் தவறைப் பெரிதாக்கிவிடுகிறோம். தவற்றை ஒப்புக்கொள்வது பணிவு என்றால், மன்னிப்பைக் கைநீட்டி வாங்கிக்கொள்வதும் பணிவுதான். அதற்காகப் பாதிக்கப்பட்டவரை மறந்துவிடவும் முடியாது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

நானும் போன் செய்தேன். காரணம் எதுவும் சொல்லாமல், 'நான் செய்தது தப்பு' என்றேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.