பள்ளிக்கு ஹாக்கின்டாஷ் வேண்டுமா?

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அண்மைக்காலமாக ஒரு கருத்து பேசப்பட்டு வருகின்றது. மாணவர்கள் குறும்படம் தொகுப்பதற்கு நான்கு மேக் கணினிகள் வேண்டும். ஆனால் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே உதிரிப்பாகங்களை வாங்கி நாமே கணினியைப் பொருத்தி, அதில் ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அக்கருத்து. இவ்வாறு ஆக்கப்படும் கணினியை ஹாக்கின்டாஷ் என்பர். கருத்தை முன்வைத்த அன்பர் தம் வீட்டில் அப்படி ஒன்றை வைத்திருக்கின்றார். அது நன்றாகவே ஓடுகின்றது. அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. எனினும் இத்திட்டத்திற்கு நான் உடன்படவில்லை. கூட்டத்தில் இரண்டு நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய செய்தியன்று இது என்பதால் இங்கு விரிவாக எழுதுகின்றேன்.

கேள்வியறிவை மட்டும் வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. அந்த அன்பரின் கணினியில் யூஎஸ்பி செருகுவாய்களைச் சீர்செய்வதற்காக இரண்டு வார இறுதிகள் அவருடனும் இரண்டாம் படிவத்தில் பயிலும் அவர் மகனுடனும் அமர்ந்திருந்தேன்.

முதலில் சிறிது பின்னணி. ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்கு இன்டெல் சில்லுகளைப் பயன்படுத்தப்போவதாக 2005 ஜூன் மாதம் அறிவித்தது. 2006 ஜனவரியில் அத்தகைய முதல் கணினிகள் வெளிவந்தன. கடையில் நாம் வாங்கும் சாதாரணக் கணினியின் மூளையும் மேக் கணினியின் மூளையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை ஆகிவிட்டன. அப்படியானால் ஒன்றின் இயங்குதளம் மற்றொன்றில் ஓடாதா என்று ஆர்வலர்கள் முயன்றதன் விளைவே ஹாக்கின்டாஷ். ஆனால் மூளை ஒன்றாயினும் உறுப்புகள் ஒன்றல்ல. ஒவ்வொரு வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று பேச ஓர் இயக்கி வேண்டும். விண்டோஸ் உலகில் வன்பொருளை ஆக்குபவரே இயக்கியை எழுதித் தந்துவிடுவார். ஆப்பிளோ தன் கணினிகளில் உள்ள உறுப்புகளுக்கான இயக்கிகளைத்தான் பெரும்பாலும் தன் இயங்குதளத்தில் வைத்திருக்கின்றது. மற்றவற்றுக்கு ஆர்வலர்கள் எழுதியவற்றையே நம்ப வேண்டும். ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி, வரைவியல் அட்டைக்கு வாட்எவர்கிரீன், ஆப்பிளின் தனிச் சில்லு இருப்பதாக நடிக்க வர்ச்சுவல்எஸ்எம்சி என அவை ஒரு பட்டாளம். இவற்றையெல்லாம் தொடக்கத்திலேயே ஏற்றிவிட ஓப்பன்கோர் என்னும் தொடக்கி உள்ளது. 2019ஆம் ஆண்டு அது வருவதற்கு முன்னர் குளோவர் என்பதைப் பயன்படுத்தினர்.

இனி, யூஎஸ்பி செருகுவாய்க்கு வருவோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தோன்றும். செருகினால் வேலை செய்யும், அவ்வளவுதானே என்பார்கள். அந்த அன்பரின் கணினியிலோ முன்புறச் செருகுவாய் ஒன்று செத்துக் கிடந்தது. பின்புறத்தில் நீல நிறச் செருகுவாய் ஒன்றில் புதிய வகை விரலியைச் செருகினாலும் பழைய வேகத்தில்தான் கோப்புகள் நகர்ந்தன. புளூடூத் அறவே காணப்படவில்லை. கணினியைத் தூங்க வைத்தால் அடுத்த நொடியே விழித்துக்கொண்டது. நான்கு நோய்கள் போலத் தோன்றினும் காரணம் ஒன்றே.

2015ஆம் ஆண்டு வெளிவந்த எல் கேப்பிட்டன் பதிப்பு முதல், ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்தியின்கீழ் 15 வாயில்களை மட்டுமே மேக் இயங்குதளம் ஏற்றுக்கொள்கின்றது. பதினைந்து தாராளமாயிற்றே என்று எண்ண வேண்டா. கண்ணுக்குத் தெரியும் ஒரு நீலச் செருகுவாய், இயங்குதளத்தின் கணக்கில் இரண்டு வாயில்களாகும். நொடிக்கு 480 மெகாபிட் செல்லும் பழைய வழி ஒன்று. 5 கிகாபிட் செல்லும் புதிய வழி மற்றொன்று. பெரிய தாய்ப்பலகைகளில் இக்கணக்கு இருபதையும் தாண்டிவிடும். பெட்டிக்குள்ளே இருக்கும் புளூடூத் அட்டைகூட உள்ளே ஒரு யூஎஸ்பி வாயிலில்தான் இணைந்திருக்கின்றது என்பது பலருக்குத் தெரியாது. வரிசையில் முதல் பதினைந்து ஏற்கப்படும். எஞ்சியவை கதவுக்கு வெளியே நிற்கும். அன்பரின் புளூடூத் வெளியே நின்றுகொண்டிருந்தது.

முன்பு இவ்வரம்பை ஒரு திருத்தத்தால் தளர்த்திவிடுவர். 2021இல் வந்த 11.3 பதிப்பு முதல் அவ்வழி அடைபட்டது. இப்போது எந்தப் பதினைந்து வேண்டும் என்று நாமே தேர்ந்து எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு செருகுவாயிலும் பழைய வகை விரலியை ஒருமுறையும் புதிய வகை விரலியை ஒருமுறையும் செருகி, திரையில் எந்தப் பெயர் உயிர்பெறுகின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வழிகளின் பெயர் எச்எஸ் என்றும் புதியவை எஸ்எஸ் என்றும் தொடங்கும். அந்தப் பையன் கணினியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெயரை எழுதினான். ஒரு செருகுவாயில் மட்டும் புதிய விரலியும் பழைய பெயரையே காட்டியது. நான் அந்தச் செருகுவாயில் குறைபாடு என்றே எண்ணினேன். அவன்தான், "ஐயா, மெதுவா செருகுனா பழைய பேருதான் வருது, சட்டுனு செருகிப் பாருங்க" என்றான். அவன் சொன்னது சரி. பழைய வழிக்கான நான்கு தொடுமுனைகள் முன்னாலும் புதியவை பின்னாலும் அமைந்திருப்பதால், மெல்லச் செருகும்போது பழையவை முதலில் தொட்டுவிடுகின்றன.

பெயர்களைக் குறித்தால் போதாது. ஒவ்வொன்றும் எவ்வகை என்றும் எழுத வேண்டும். பழையதற்குச் சுழியம், புதியதற்கு 3, பெட்டிக்குள்ளே நிலையாக இணைந்திருப்பதற்கு 255. உள்ளிருக்கும் புளூடூத்தை வெளிச் செருகுவாய் போல எழுதிவிட்டால் தூக்கத்தில் கோளாறு வரும். அன்பரின் கணினி உடனே விழித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம். பட்டியலைத் திருத்தி மறுதொடக்கம் செய்தவுடன் நான்கு நோய்களும் நீங்கின. ஆள் நடமாட்டமே இல்லாத இரண்டு பழைய வழிகளை மட்டும் கைவிட நேர்ந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பையன் செய்தது அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்க முயலும் அதே செயல். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றினான், கண்டதைக் குறித்தான், தன் ஊகத்தைச் சோதித்தான். பாடநூலில் தற்சார்பு மாறி, சார்பு மாறி என்று வரிவரியாய் எழுத வைத்தும் பிடிபடாதது அவனுக்கு அங்கே பிடிபட்டிருந்தது. பிள்ளை கணினியைப் பிரித்துப் போட்டுவிட்டான் என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் பள்ளியில் ஏன் வேண்டா என்கின்றேன்? இப்பாடத்தின் பயன் பழுது பார்ப்பவருக்கு, பயன்படுத்துபவருக்கு அன்று. நான்காம் ஆண்டு மாணவர் முப்பது பேர் தொகுப்பு வேலைக்கு வந்து அமரும்போது செருகுவாய் வேலை செய்தாக வேண்டும். எந்தச் செருகுவாய் பட்டியலில் உள்ளது, எது இல்லை என்பதைத் தாளில் எழுதிக் கணினிமேல் ஒட்டிவைத்தா பாடம் நடத்துவது? அன்பரின் மகன் இன்னும் சில ஆண்டுகளில் உயர்கல்விக்குச் சென்றுவிடுவான். அன்பரின் கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்ததும் அவரும் சங்கத்திலிருந்து விலகிவிடுவார். எனக்கு எப்போது மாற்றலாகும் என்று எனக்கே தெரியாது. ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவை நம்பிப் பள்ளிச் சொத்தை வாங்கலாகாது. தமிழ்ப்பள்ளிகளில் இப்படி ஒருவரை நம்பி அமைத்து, அவர் சென்ற பின் துணி போர்த்திக் கிடக்கும் கருவிகளை நான் நிறையவே பார்த்திருக்கின்றேன்.

அடுத்து, காலம். 2018இல் மொஹாவி பதிப்பு வந்தபோது, பலர் காசு கொடுத்து வாங்கியிருந்த என்விடியா வரைவியல் அட்டைகளுக்கு இயக்கி கிடைக்காமல் போயிற்று. 2023இல் சோனோமா பதிப்பு, ஹாக்கின்டாஷ் ஆர்வலர்கள் தேடித் தேடி வாங்கிய பிராட்காம் வைஃபை அட்டைகளின் ஆதரவை நீக்கியது. 2020 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறிவிட்டது. 2025இல் வெளியான டாஹோ பதிப்பே இன்டெல் கணினிகளில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவனமே அறிவித்துவிட்டது. ஹாக்கின்டாஷ் நின்ற அடித்தளமே அகற்றப்படுகின்றது. மூடப்படவிருக்கும் சாலையில் இன்று நான்கு வண்டிகள் வாங்குவானேன்?

உரிமம் பற்றியும் மழுப்பாமல் பேச வேண்டும். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம், தன் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே இயங்குதளத்தை நிறுவ இசைகின்றது. இப்படிக் கணினி ஆக்கி விற்ற சைஸ்டார் என்னும் அமெரிக்க நிறுவனத்தின்மீது ஆப்பிள் 2008இல் வழக்குத் தொடுத்தது. 2009இல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாயிற்று. நாம் விற்கப்போவதில்லையே என்று ஒரு பெற்றோர் கேட்டார். உண்மைதான். ஆயினும் அடுத்தவர் படைப்பைக் கேட்காமல் எடுக்காதே என்று நன்னெறிப் பாடத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பாடவேளைக்குக் கணினி அறைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியன் நான்தானே? பள்ளியின் பணத்தில், பள்ளியின் பெயரில் இதைச் செய்ய எனக்கு மனமில்லை.

மேக் கணினியில் தமிழ் அழகாகத் தெரிகின்றது என்பதும் ஒரு வாதமாக வைக்கப்பட்டது. அதில் நமக்குப் பெருமைகூட உண்டு. மேக்கில் இடம்பெற்றுள்ள இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் தந்தவை. ஆனால் ஒருங்குறி வந்த பிறகு தமிழ் எந்தக் கணினிக்கும் அன்னியமன்று. விண்டோஸிலும் லினக்ஸிலும் காணொளிக்குத் தமிழ்த் துணைவரிகளை இடர்ப்பாடின்றி இடலாம். தொகுப்புக்கு ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவை விலையில்லாமலேயே கிடைக்கின்றன. மேக்தான் வேண்டுமெனில், நான்கு போலிக்குப் பதிலாகப் பயன்படுத்திய மேக் மினி ஒன்றை வாங்கலாம். ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பையனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கணினியை அன்று, அந்தத் தாளை. எங்கள் கணினி அறையில் "கெட்டுவிட்டது" என்று சீட்டு ஒட்டிய இரண்டு கணினிகள் பல மாதங்களாகக் கிடந்தன. சென்ற மாதம் அவற்றைத் திறந்து பார்த்தேன். விண்டோஸின் சாதன மேலாளரில் மஞ்சள் வியப்புக்குறி இருந்தது. பிணைய அட்டைக்கு இயக்கி இல்லை, அவ்வளவுதான். அக்குறியின்மேல் இருமுறை சொடுக்கி, விவரம் என்னும் பகுதியில் வன்பொருள் அடையாளத்தைப் பார்த்தால் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் ஆக்கியவருடையது: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா. இரண்டாவது, அந்த உறுப்பின் எண். இவ்விரண்டும் கையிலிருந்தால் ஆக்கியவரின் தளத்திலிருந்து உரிய இயக்கியைப் பெற்று, விரலியில் கொண்டுவந்து நிறுவிவிடலாம். அரைமணி நேரத்தில் இரண்டு கணினிகளும் எழுந்தன. கண்ட தளங்களில் இயக்கி தேடும் மென்பொருள் என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்திற்கு இரண்டு விலைப்பட்டியல்களைக் கொண்டுவருகின்றேன்: நான்கு சாதாரணக் கணினிகளுக்கு ஒன்று, பயன்படுத்திய மேக் மினிக்கு ஒன்று. அன்பரின் மகனுக்கும் அழைப்பு விடுத்திருக்கின்றேன். கணினி அறையிலுள்ள கணினிகள் ஒவ்வொன்றுக்கும் அவன் வரைந்தது போலவே ஒரு தாள் தயாரிக்க ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அவன் ஒரு சனிக்கிழமை வந்து கற்றுக்கொடுப்பதாக இசைந்துள்ளான்.