பேச்சிழந்தவனுக்கு எந்தப் பாஷை?

மூளை வியாதிகளுக்குப் பேர்போன பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் ஓசூர் சாலையின்மீதே அமைந்திருக்கிறது. பாரிசவாயுவினால் நாவடைத்துப் போன ஓசூர்த் தொழிலாளியை உற்றார் அச்சாலை வழியாகத்தான் கொண்டு செல்கின்றனர். வீட்டில் தமிழும், சந்தையில் தெலுங்கும், எல்லைக்கப்பால் கன்னடமும் பேசி வாழ்ந்தவன் அவன். விஞ்ஞானம் அவனுக்குப் பேச்சைத் திருப்பித் தருமாயின், எப்பேச்சைத் தரும்?

இது வீண் கேள்வியன்று. மூளை பேச்சை நடத்தும் விதத்தைக் கணிப்பொறியில் அமைத்துக் காட்டும் முயற்சி பலகாலமாக நடந்து வருகிறது. பாஸ்டன் சர்வகலாசாலைப் பேராசிரியர் பிராங்க் குந்தர் 1990-களில் வகுத்த 'டீவா' என்னும் மாதிரி இவற்றுள் பிரசித்தமானது. அது குழந்தையைப் போல முதலில் மழலை பிதற்றுகிறது. நாவையும் இதழையும் எவ்வாறு அசைத்தால் எவ்வோசை பிறக்கும் என்று கற்கிறது. பின்னர்த் தன் குரலைத் தானே கேட்டு, பிழை கண்டால் அடுத்த கட்டளையைத் திருத்திக்கொள்கிறது. நெஞ்சு, மிடறு, நா, அண்ணம் என ஓசை பிறக்கும் உறுப்புக்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். அவ்வுறுப்புக்களை ஏவுவது எப்படி என்பதே இன்றைய ஆராய்ச்சி.

பலனும் கண்டுவிட்டார்கள். பேச்சிழந்த பெண்மணி ஒருவரின் மூளைக் குறிகளிலிருந்து நிமிஷத்துக்குச் சுமார் 78 சொற்களைக் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர் 2023-ல் வெளிக்கொணர்ந்தனர். அவை ஆங்கிலச் சொற்கள். ழகரத்துக்காக நாவை மேல்நோக்கி வளைக்கும் வித்தை அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. கன்னடமோ அவ்வொலியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்டது. தமிழில் ககரத்தின் ஓசை அது சொல்லில் நிற்குமிடத்தைப் பொறுத்து மாறும். தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வோசைகள் தனித்தனி எழுத்துக்கள், மாறினால் பொருளே மாறும். ஓசூர்க் கடைவீதியில் பாஷை மாறுந்தோறும் குரல்வளைக்குச் செல்லும் கட்டளையும் மாறவேண்டியிருக்கிறது. எல்லைத் தகராறென்று மேடையில் முழங்குவோர், ஒரே வாயில் மூன்று பாஷைகள் சச்சரவின்றி வாழ்வதைக் கவனிப்பதேயில்லை!

ஸ்பானிஷும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரின் மூளையிலிருந்து இரண்டையும் பெறலாம் என்று 2024-ல் காட்டியிருக்கிறார்கள். ஸ்பானிஷுக்கு ஆகும் காரியம் தமிழுக்கு ஆகாதா? கிருஷ்ணகிரியில் 2022-ல் திறந்த அரசினர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் மூளை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் ஸ்தாபனம் இருக்கிறது. இம்மூன்றும் கூடி, ஓசூர் வட்டாரத்து ஜனங்களின் சம்மதம் பெற்று, அவர்களுடைய நா, இதழ், குரல் அசைவுகளை மும்மொழியிலும் பதிவு செய்ய இரு ராஜ்ய சர்க்கார்களும் பணம் ஒதுக்கவேண்டும். அப்பதிவுகள் எந்தக் கம்பெனிக்கும் உடைமையாகாமல் பொதுச்சொத்தாக நிற்கவேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லாவின் சட்டசபை உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்பார்களா?