வாகரை வேடரும் குகை மனிதனும்

பனிச்சங்கேணிப் பாலத்தடியில் வீச்சுவலையோடு நிற்கும் ஒருவரைச் சற்று நேரம் பார்த்திருந்தால் போதும். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மீதியைத் தோளிலும் முழங்கையிலும் பிரித்துப் போட்டு, இடுப்பைத் திருப்பி வீசுகிறார். வட்டம் பிசகாமல் விழுகிறது. இலங்கைப் பழங்குடிகளான வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரின் பிழைப்பில் இந்த வலைக்கும் காட்டுத்தேனுக்கும் பெரிய பங்குண்டு. பேச்சு மட்டக்களப்புத் தமிழ். கும்பிடுவது குமார தெய்வத்தை. ஆனாலும் ‘வேடன்’ என்பது இன்னமும் நம்மிடையே ஏச்சுச் சொல்லாகவே விழுகிறது.

இந்த இளக்காரத்துக்கு ஒரு காலத்தில் விஞ்ஞானமும் துணை நின்றது. சுவிட்சர்லாந்தின் சரசின் குடும்பத்து ஆய்வாளர் இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேடரின் மண்டையோடுகளை அளந்து, மனித குலத்தின் அடிப்படியில் அவர்களை வைத்தார்கள். மறைந்துபோன மனித இனமான நியண்டர்தாலையும் அந்தப் பார்வை விட்டுவைக்கவில்லை. 1908இல் பிரான்சின் லா ஷப்பெல் குகையில் ஒரு நியண்டர்தால் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், கூன் விழுந்து முழங்கால் மடங்கிய அரை மிருகமாக அந்த மனிதனைச் சித்திரித்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1957இல்தான் உண்மை தெளிந்தது. அவன் மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட கிழவன், அவ்வளவுதான்.

2010இல் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு நியண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது அந்தப் படிக்கட்டே சரிந்தது. ஆபிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்களின் மரபணுவில் சுமார் 1 முதல் 2 சதவீதம் நியண்டர்தாலுடையது. கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டும் அவர்களிடமிருந்து வந்ததே என்று 2020இல் பேபோவும் ஹியூகோ ஸெபெர்க்கும் காட்டினார்கள். தெற்காசியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது. ஐரோப்பாவில் 16 சதவீதத்தினரிடம்தான். குகை மனிதன் என்று யாரைச் சொல்லிச் சிரிக்கிறோம்?

நியண்டர்தால்கள் ஏன் மறைந்தார்கள், நம் முன்னோரோடு எத்தனை முறை கலந்தார்கள் என்ற வாதங்கள் இன்னும் ஓயவில்லை. ஓயவும் வேண்டியதில்லை. இலங்கையில் நியண்டர்தால் எலும்பு எதுவும் கிடைத்ததில்லை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகை சொல்வது நம் இனத்தவரின் கதை. குரங்கு எலும்பைச் சீவிக் கூராக்கிய சின்னஞ்சிறு முனைகள் அங்கே கிடைத்தன. வேகமாகப் பாய்ந்து இலக்கில் மோதிய முறிவுகள் அவற்றின் நுனியில் பதிந்திருக்கின்றன. சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவின் மழைக்காட்டில் வில்லும் அம்பும் இருந்தன என்கிறது 2020இல் வெளியான ஆய்வு. மரத்துக்கு மரம் தாவும் குரங்கை வீழ்த்திய கையைக் காட்டுமிராண்டிக் கை என்பது அறியாமை.

வேடருக்கும் இருளர், பணியர், சந்தால் முதலிய இந்தியப் பழங்குடிகளுக்கும் உள்ள மரபணு உறவை 2024இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நல்ல முயற்சி. ஆனால் இரத்தமும் உமிழ்நீரும் கொடுப்பவருக்கு முடிவைச் சொல்வதும் ஆய்வாளரின் கடமை. கரையோர வேடர் வாழும் வாகரையிலும் களுவன்கேணியிலும் ஆய்வு செய்ய வருவோர் முதலில் ஊர்ப் பெரியவர்களின் சம்மதம் பெறட்டும். கண்டறிந்ததைத் தமிழில் எழுதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வைக்கட்டும்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியும்: எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019இல் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவிடம் கையளித்தது. அவை ஏறத்தாழ 200 ஆண்டுகள் பழமையானவை.