வாலிபர்கள் செய்தியைக் கைவிட்டார்களா?

இன்றைய வாலிபர்கள் பத்திரிகையைத் தொடுவதே இல்லை. நாட்டு நடப்பில் அவர்களுக்கு அக்கறை போய்விட்டது என்று சில பெரிய மனிதர்கள் அங்கலாய்க்கிறார்கள். இது உண்மையா?

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 43 பேர் டிக்டாக்கில் வாடிக்கையாகச் செய்தி அறிகிறார்கள் என்று பியூ ஆராய்ச்சி மையம் 2025-ல் தெரிவித்தது. 2020-ல் இது நூற்றுக்கு 9 தான். அக்கறையற்றவர்களா செய்தியைத் தேடிப் போகிறார்கள்?

பத்திரிகைகளைச் சாகடித்த பழியையும் அவர்கள் தலையில் கட்ட முடியாது. 2005-க்குப் பின் அந்நாட்டில் 3,000-க்கு மேற்பட்ட பத்திரிகைகள் மறைந்தன. விளம்பர வருமானத்தில் பெரும் பங்கைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் அள்ளிக்கொண்டன. தப்பிப் பிழைத்தவற்றை நிதி முதலாளிகள் வளைத்தார்கள். 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையை 2021 மே மாதம் ஆல்டன் குளோபல் கேபிடல் என்ற நிறுவனம் கைப்பற்றியது. இரண்டே நாளில், "பணம் தருகிறோம், வேலையை விட்டுப் போங்கள்" என்று ஊழியர்களுக்கு அழைப்பு வந்தது!

பழைய வழி இப்படி அடைபட்டது. புதிய வழி யார் கையில்? இதற்குக் கனடா பதில் சொல்லும்.

பிறர் திரட்டிய செய்தியால் லாபமடையும் பெரிய கம்பெனிகள் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று 2023 ஜூனில் கனடா சட்டம் செய்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி என்ன செய்தது? ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, அவ்விரண்டிலும் கனடா மக்களுக்குச் செய்தியையே அடைத்துவிட்டது.

அதே மாதத்தில் வடக்கே காட்டுத் தீ மூண்டது. யெல்லோநைஃப் நகரத்தின் சுமார் 20,000 மக்களும் வெளியேற உத்தரவாயிற்று. எந்தச் சாலை திறந்திருக்கிறது, தீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தவித்த ஜனங்கள், ஃபேஸ்புக்கில் உள்ளூர்ச் செய்தியைப் பகிர முடியவில்லை. செய்திப் பக்கத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். மக்களின் உயிரைவிட லாபத்தைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்று அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவே சாடினார். கம்பெனி அசைந்து கொடுக்கவில்லை!

ஒரு நாட்டின் பாராளுமன்றத்தையே எதிர்த்து நிற்கும் பலம் இது. வாலிபர்களின் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் எந்தச் செய்தி வரலாம் என்ற தீர்ப்போ கம்பெனியின் கையில் இருக்கிறது.

ஆகவே வாலிபர்களை வசைபாடிப் பயனில்லை. உழைத்துச் செய்தி திரட்டும் நிருபனுக்கு உரிய கூலி வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகைகள் நிதி முதலாளிகளுக்கு இரையாகாமல் காக்கப்பட வேண்டும். ஆபத்துக் காலத்தில் செய்தியை அடைக்க எந்தக் கம்பெனிக்கும் அதிகாரம் இருக்கலாகாது.

வாலிபர்களும் கேட்கட்டும்: இந்தச் செய்தியைத் திரட்டியவர் யார்? இதை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தியவர் யார்? என் கண்ணுக்கு எட்டாமல் நிறுத்தப்பட்ட செய்தி எது? இப்படிக் கேட்கும் வாலிபனை எந்த முதலாளியும் நெடுநாள் ஏமாற்ற முடியாது!