தேயிலைப் பாதையில் யாருடைய வரலாறு?

கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ டிரெயில்' நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமுடையது. 22 கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. துரைமார் குதிரையிலும் தொழிலாளர் தலைச்சுமையுடனும் சென்ற பழைய தோட்டப் பாதைகள் இன்று உலகப் பயணிகளை ஈர்க்கின்றன. இதை நான் வரவேற்கிறேன். ஆனால், நடப்பவருக்கு யாருடைய வரலாறு சொல்லப்படப் போகிறது?

தொடக்கப் பகுதியிலேயே லூல்கந்துர தோட்டம் வருகிறது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட இடம் அது. அவர் அமர்ந்த கல்லாசனம் இன்றும் காட்டப்படுகிறது. 1892 இல் அவர் மறைந்தபோது, தொழிலாளர் முறை மாற்றி உடலைக் கண்டி வரை சுமந்தார்கள் என்பர். டெய்லரை உலகம் அறியும். சுமந்தவர்களின் பெயர்களைக் கேட்டால் சொல்வார் யார்?

அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டமும் உள்ளது. 1940 ஜனவரியில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகியாக அவரை நினைவுகூர்கிறோம். கல்லாசனத்தைச் சுட்டும் விரல் கோவிந்தனையும் சுட்டாவிட்டால், சொல்லப்படுவது பாதி வரலாறே.

அண்மையில் வட்டகொடையில் ரயிலிலிருந்து இறங்கி, கொட்டகலை வரை ஒரு பகல் நடந்தேன். பனி விலகியதும் பச்சைச் சரிவுகள். அவற்றின் மடியில் லயன் வரிசைகள். தூர நின்று படம் எடுப்பவருக்கு அந்தத் தகரக் கூரைகள் அழகு. உள்ளே மூன்று தலைமுறை ஓர் அறையில் முடங்கும்போது அழகு எங்கே?

வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டம் ஸி.வி. வேலுப்பிள்ளை பிறந்த மண். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் வென்று அவர் நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களை நாடற்றவராக்கியது. 1964 இல் இரு பிரதமர்கள் கூடி 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோருக்கு விடிவு தர 2003 இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

இது பழங்கதை அன்று. துரைமாரின் பங்களாக்கள் பல இன்று சொகுசு விடுதிகள். லயனில் வாழ்பவரோ, பயணிகளுக்கு ஓர் அறை வாடகைக்கு விட நினைத்தாலும் முடியாது. வீடும் காணியும் அவர் பெயரில் இல்லை. உல்லாசப் பயணத்தின் வருவாய் மலையில் இறங்காமல் மேலே பறந்து போவதற்கு இதுவே காரணம். ஆகவே, காணியுரிமை முதற் கோரிக்கை. தோட்டத்து இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும், பாதை நெடுகத் தமிழிலும் வரலாற்றுப் பலகைகளும் அடுத்தவை.

மலையகத்தாருக்கு வேறொரு நடைபாதையும் உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய முன்னோர், மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். 2023 இல், இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மீண்டும் நடந்தனர். பெக்கோ பாதையில் நடக்கும் அன்பர்கள் அந்தப் பாதையையும் அறியட்டும். அதில் நடந்தவர்கள்தாம் இந்தப் பாதையை வெட்டினார்கள்.