முப்பத்தேழாம் தேதி

எந்த மாதத்துக்காவது முப்பத்தேழாம் தேதி உண்டா? மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல்வெட்டைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். துருக்கிய இளவரசன் குல் தெகினின் நினைவாக 732இல் நடப்பட்ட கல் அது. அவனது ஈமச் சடங்கு ஒன்பதாம் மாதம் ‘யெத்தி ஒதுஸ்’ அன்று நடந்ததாக அது சொல்கிறது. யெத்தி என்றால் ஏழு. ஒதுஸ் என்றால் முப்பது.

விடை, 27. முப்பதை நோக்கிப் போகும் பத்தில் ஏழாவது என்பது பொருள். இதே கணக்கில் ‘பிர் யெகிர்மி’ (ஒன்று, இருபது) என்றால் 11. இந்தியில் 29ஐ ‘உன்தீஸ்’ என்பது நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே முப்பதில் ஒன்று கழிகிறது. இங்கே கழித்தல் இல்லை, அடுத்த படியை முன்கூட்டியே சொல்வதுதான்.

டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1893இல் இந்த எழுத்துகளின் புதிரை விடுவித்தார். ஆனால் எழுத்து புரிந்தால் மட்டும் போதாது. எண்ணும் முறை பிடிபடாவிட்டால், குல் தெகின் 21 வயதில் செய்த போர் 31 வயதுக்குப் போய்விடும். சரித்திரமே பத்தாண்டு நகர்ந்துவிடும்.

அதே கல்வெட்டு, அவன் இறந்த வயதை ‘நாற்பதுக்கு மேல் ஏழு’ என்கிறது. இரு முறைகளும் அன்று அருகருகே வாழ்ந்தன. பிற்பாடு பழைய முறை வழக்கொழிந்தது. இன்றைய துருக்கியில் 27 என்றால் ‘யிர்மி யெதி’, அதாவது இருபது ஏழு. எண்பதான ‘செக்சென்’னுக்குள் எட்டும் (செகிஸ்) பத்தும் (ஒன்) ஒளிந்திருக்கின்றன. நாற்பதான ‘கிர்க்’கில் நான்கின் சாயலே இல்லை. சைபீரியாவின் யாகுத் மக்களோ நாற்பதை ‘நான்கு பத்து’ என்றே சொல்கிறார்கள்.

பழைய முறை அடியோடு மறைந்துவிடவில்லை. சீனாவின் கன்சு மாகாணத்தில் மேற்கு யுகுர் மொழி பேசுவோர் 11 முதல் 29 வரை அப்படித்தான் எண்ணிவந்திருக்கிறார்கள். அம்மொழியைப் பேசுவோர் சில ஆயிரம் பேர்தான். இளைய தலைமுறை சீன மொழிக்கு மாறிவருகிறது. அந்த மொழியும் போய்விட்டால், கல்லில் உள்ள கணக்கை வாயால் சொல்ல ஆள் இருக்காது. முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் எண்ணுவதைப் பதிவு செய்துகொள்வது நல்லது.